ஃபிலிம் சுருளுக்கு இன்னும் மவுசு

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்துக்கு வடக்கே, தண்டவாளங்களை ஒட்டி இருக்கிறது ஒக்கலிபுரம். பக்கத்து ஸ்ரீராமபுரத்தைப் போலவே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறார்கள். இந்த வீடுகளின் கூடத்தில் தாத்தா பாட்டி படம் மாட்டியிருந்தால், அது ஏதோ ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் பிறந்த படமாகத்தான் இருக்கும். பேரனின் கல்யாணமோ அவன் கைபேசியில், ஆயிரத்துச் சொச்சம் படங்களாக உறங்கிக்கொண்டிருக்கும்.

இதே பெங்களூர்தான் நாட்டின் மென்பொருள் தலைநகரம். கைபேசிக் கேமராக்களுக்கு நிரல் எழுதும் இன்ஜினியர்கள் குவிந்திருக்கும் ஊர். இந்த ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் ஸ்ட்ரீட்டிலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் கழுத்தில் பழைய யாஷிகாவோ பென்டாக்ஸோ தொங்கவிட்டு அலையும் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. அவர்களில் பலர் பிறந்தபோதே ஃபிலிம் யுகம் முடியத் தொடங்கிவிட்டது. அப்பாவின் அலமாரியில் தூசி படிந்து கிடந்ததைத் தட்டி எடுத்தவர்கள் சிலர், பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியவர்கள் சிலர். எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: கையிலேயே இலவசக் கேமரா இருக்கும்போது இந்த அவஸ்தை எதற்கு?

அவஸ்தை என்பது மிகையில்லை. 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றில் 36 படங்கள். கலர் சுருளை வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிப்பதற்குள் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அதாவது ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 30 ரூபாய். கண்ணை மூடிய முகத்துக்கும் அதே 30 ரூபாய், ஆடிப்போன படத்துக்கும் அதே 30 ரூபாய். ஃபிலிமைக் கழுவித் தரும் இடங்கள் நகரத்துக்கு நகரம் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிறு ஊர்களில் இருப்பவர்கள் சுருளைக் கூரியரில் அனுப்பிவிட்டு மின்னஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஃபிலிம் கேமராவை நம்பிப் போக முடியாது.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ஃபிலிமின் தரம் வராது என்பது. இதைப் பாதிதான் நம்ப வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இன்றைய டிஜிட்டல் கேமரா பிடிப்பதை எந்த ஃபிலிமாலும் பிடிக்க முடியாது. கோயில் பிராகாரத்தின் அரையிருட்டில் 400 வேக ஃபிலிம் திணறும்; சாதாரணக் கைபேசி சமாளித்துவிடும். நுணுக்கம், வேகம், வசதி என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் வழக்கு எப்போதோ டிஜிட்டலுக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டது. தரத்துக்காகத்தான் ஃபிலிம் என்பவர்கள் பாட்டி வைத்த குழம்பைப் பற்றிப் பேசுபவர்களைப் போல. ருசி உண்மைதான், ஆனால் நாக்கில் மட்டும் இல்லை.

மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. ஃபிலிம் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஜெலட்டின் பூசி, அதற்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களைத் தூவியது. ஷட்டர் திறந்து மூடும் அந்தக் கணத்தில், வெளிச்சம் பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் ஒன்று சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றம்தான் படம். டெவலப்பரில் முக்கும்போது இந்தச் சிறு புள்ளி கோடிக்கணக்கான மடங்கு பெருகி, படிகம் முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறுகிறது. வெளிச்சம் படாத உப்பை ஹைப்போ கரைத்து எடுத்துவிடுகிறது. படிகங்கள் ஒரே அளவில் இல்லை. ஒழுங்கான வரிசையிலும் இல்லை. சிதறிக் கிடக்கும் அந்த ஒழுங்கின்மைதான் படத்தில் மணல் மணலாகத் தெரியும் துகள். டிஜிட்டல் சென்சாரின் கட்டங்கள் போட்ட ஒழுங்குக்குப் பழகிய கண்ணுக்கு அது துணியின் நெசவைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது.

இன்னொரு குணமும் உண்டு. கலர் நெகடிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். நம் ஊர் மதிய வெயிலில் வெள்ளை வேட்டியையும் கறுத்த முகத்தையும் ஒன்றாக எடுக்கும்போது, டிஜிட்டலில் வேட்டி வெளுத்துக் காகிதமாகிவிடும் ஆபத்து உண்டு. நெகடிவில் மடிப்புகள் கொஞ்சமாவது மிஞ்சும். ஸ்லைடு ஃபிலிம் அப்படியில்லை, கறாரானது. வெளிச்சக் கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. ஆனாலும் இவையெல்லாம் மென்பொருளால் பாவனை செய்யக்கூடிய விஷயங்கள்தான். கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் ஃபிலிம் துகள் வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அசலைத் தேடிப் போகிறார்கள் என்றால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

அதைத் தேட வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. தஞ்சாவூரில் 1932-இல் பிறந்து பெங்களூரில் குடியேறிய டி.என்.ஏ. பெருமாள், இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 2017-இல் காலமானார். பெங்களூரில் ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த புகைப்படக்காரரிடம் தொழில் கற்று, பிறகு தானே பலருக்கு குருவானவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த ஆந்தைகளும் இரவு விலங்குகளும் உலகம் முழுவதும் புகைப்படக் கண்காட்சிகளுக்குப் போயிருக்கின்றன. அவர் தொழில் தொடங்கிய காலத்தில் தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ் இல்லை. வினாடிக்கு இருபது படம் சுடும் கேமரா இல்லை. அந்தக் காலத்து ஃபிளாஷ் பல்பு ஒரு முறைதான் எரியும். அடுத்த படத்துக்கு வேறு பல்பு மாட்ட வேண்டும். அதற்குள் ஆந்தை போய்விடும்.

ஆகவே படம் கேமராவுக்கு முன்பே தொடங்க வேண்டியிருந்தது. ஆந்தை எந்தக் கிளையில் வந்து உட்காரும், எந்த நேரத்தில் இரையோடு திரும்பும், எந்தச் சத்தத்துக்கு மிரளும் என்பதெல்லாம் மனப்பாடமாக வேண்டும். மறைவிடம் கட்டி, பறவை அதற்குப் பழகும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். எடுத்தது விழுந்ததா என்பது ஊர் திரும்பி இருட்டறைக்குள் போன பிறகுதான் தெரியும். புகைப்படக்காரன் பாதி இயற்கை விஞ்ஞானியாக மாறியது இந்தக் கட்டாயத்தால்தான். கர்நாடகத்தில் 1970களில் நிதியமைச்சராக இருந்த எம்.ஒய். கோர்படே இன்னொரு உதாரணம். சண்டூர் ராஜ குடும்பத்தைச் சேர்ந்த இவர் பட்ஜெட் போட்ட நேரம் போகக் கேமராவோடு காட்டுக்குள் காத்திருந்தவர். அவர் 1983-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு ஒரு புகைப்படக்காரனின் நாட்குறிப்பு என்றே துணைத்தலைப்பு வைத்தார். எடுத்த படங்களுக்கு இணையாக, காத்திருந்த நாட்களுக்கும் அதில் மதிப்பு இருந்தது.

இன்று ஃபிலிமுக்குத் திரும்புகிறவர்கள் தேடுவது இந்தக் காத்திருப்பைத்தான் என்று தோன்றுகிறது. டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தவுடன் கண் பின்பக்கத் திரைக்குப் போய்விடுகிறது. எதிரே நிற்கும் மனிதர் ஒரு வினாடி காணாமல் போகிறார். அந்த வினாடியில்தான் அவர் சிரித்திருப்பார். ஃபிலிம் கேமராவின் பின்பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் பார்வை எதிரே இருப்பவரிடமே நிற்கிறது. 36-இல் 20 போய்விட்டது, இன்னும் 16 என்ற எண்ணம் மனதில் ஓடும்போது, கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தும் முன்பே கேள்வி எழுகிறது: இது படமாகத் தகுந்ததா? ஒரு நாளில் அந்தக் கேள்வியை நூறு முறை கேட்டு, 80 முறை வேண்டாம் என்று சொல்லப் பழகியவரின் கண் கூர்மையாகிவிடுகிறது. சிக்கனம் கற்றுத்தரும் பாடத்தைத் தாராளம் கற்றுத்தராது என்பது வீட்டுக் கணக்குக்கு மட்டும் பொருந்துவதில்லை.

உலக அளவில் மதிப்புப் பெற்ற புகைப்படக்காரர்கள் சிலரும் இதை விடவில்லை. 2022-இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற தயானிதா சிங், அந்த விருதைப் பெற்ற முதல் தெற்காசியர். ஹாசல்பிளாட்டில் 12 படங்களுக்கு ஒரு சுருள் தீர்ந்துவிடும். அந்தச் சதுரக் கட்டங்களை ஒரே தாளில் வரிசையாக அச்சடித்துப் பார்ப்பதை கான்டாக்ட் ஷீட் என்பார்கள். அவரது வேலையில் இந்தத் தாள்களுக்கு முக்கிய இடமுண்டு. தவறியது, தடுமாறியது, கடைசியில் கிடைத்தது எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். எதையும் அழித்துவிட முடியாது. ஒரு கலைஞர் எப்படி யோசித்தார் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. டிஜிட்டலில் தவறுகள் அன்று மாலையே குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றன, அவற்றோடு பாடங்களும்.

இருட்டறைக்கும் பெங்களூருக்கும் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவ உகந்த வெப்பம் 20 டிகிரி செல்ஷியஸ். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில் குளிர்கால இரவில் குழாய்த் தண்ணீரே அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். சென்னையிலோ மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அங்கே இருட்டறை வைத்திருப்பவர்கள் டெவலப்பர் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி போட வேண்டும். இல்லாவிட்டால் நேரக் கணக்கு தப்பும். சூடு மீறினால் ஜெலட்டின் இளகி ஃபிலிமின் பூச்சே சுருங்கிப் போகும். கலர் ஃபிலிம் வேறு ரகம். அதற்கு 38 டிகிரியில் மூன்றேகால் நிமிடம். அரை டிகிரி பிசகினாலும் நிறம் சாயும். அதனால்தான் கறுப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையில் கழுவுகிறவர்கள்கூட கலரை லேபிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பொருத்தம் நேற்று வந்ததில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1854 டிசம்பரில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். அப்போது ஃபிலிம் கிடையாது. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகடிவ். அடுத்த ஆண்டு பர்மா மன்னர் மிண்டோனிடம் அனுப்பப்பட்ட தூதுக்குழுவோடு போய் அங்கும் படங்கள் எடுத்தார். பர்மாப் படங்களுக்குப் பிரதி போட்டது பெங்களூரில். 120 படங்கள் கொண்ட தொகுதி, மொத்தம் 50 தொகுதிகள். ஒவ்வொரு பிரதியையும் நெகடிவோடு சேர்த்து வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். 1858-இல் டிரைப் தமிழ்நாட்டுக்கு வந்து மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே சுருளாக்கினார். சென்னை கவர்னராக வந்த டிரெவெல்யன் செலவு அதிகம் என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார். புகைப்படத்துக்குச் செலவுக் கணக்கு எமனானது அன்றே தொடங்கிவிட்டது.

டிரைப்பின் கதையில் இன்றைய விவாதத்துக்கு உதவும் ஒரு செய்தியும் இருக்கிறது. இயந்திரமே படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் காலத்தில், ஃபிலிம் பொய் சொல்லாது என்ற வாதம் வலுத்துவருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காகித நெகடிவில் வானம் வெறும் வெளுப்பாக விழுந்ததால், டிரைப் தூரிகை எடுத்து நெகடிவின் மேல் மேகங்களைத் தீட்டினார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ரீடச்சிங் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்தும், மூக்கை எடுப்பாக்கியும், பெண் பார்க்கும் படலத்துக்குப் படம் தயாரித்தவர்களை எல்லோருக்கும் தெரியும். இறந்துபோனவரின் தலையை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டிக் குடும்பப் படத்தில் சேர்த்த கைவேலையும் இருட்டறையில் நடந்ததுதான். பொய் சொல்வதற்கு ஃபிலிம் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஆனாலும் வித்தியாசம் உண்டு. நெகடிவில் செய்த பொய் நெகடிவிலேயே தெரியும். பென்சில் தடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். எந்தப் படத்துக்கு முன் எந்தப் படம், பின் எந்தப் படம் என்பது சுருளில் வரிசையாக இருக்கும். அன்று அங்கே ஒரு கேமரா இருந்தது, அதன் முன் இந்த மனிதர் நின்றார், அவர் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் இந்தப் பட்டையில் பட்டது என்பதற்கு அது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போன்ற போட்டிகள் பரிசு கொடுக்கும் முன் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். டிஜிட்டல் உலகம் தனக்கென்று ஒரு நெகடிவைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் ஒக்கலிபுரத்து வீடுகள் மறுபடியும் ஞாபகத்துக்கு வருகின்றன. வசதியானவர்களின் வரலாற்றைச் சொல்ல அரசுக் கோப்புகளும் பத்திரிகைகளும் இருக்கும். பிழைக்க வந்தவர்களின் வரலாற்றுக்கு ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் விட்டால் ஸ்டுடியோ படம்தான் சாட்சி. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையை ஒட்டி பெங்களூரில் நடந்த வன்முறையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வீடு எரிந்தால் ஆல்பமும் எரியும். ஆனால் படம் எடுத்த ஸ்டுடியோவின் மரப்பெட்டியில், தேதியும் பில் நம்பரும் எழுதிய உறைக்குள் நெகடிவ் இருந்தால் அந்த முகம் அழிந்துவிடாது. மறுபடி ஒரு பிரதி போட்டுக்கொள்ளலாம். தெருமுனை ஸ்டுடியோக்காரர் தனக்கே தெரியாமல் அந்தப் பேட்டையின் ஆவணக் காப்பாளராக இருந்தார்.

அந்த ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவை டிஜிட்டல் அலையில் மூடப்பட்டன, அல்லது பாஸ்போர்ட் சைஸ் படமும் ஜெராக்ஸும் எடுக்கும் கடைகளாகச் சுருங்கின. பெட்டி பெட்டியாக இருந்த நெகடிவ்கள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க வாங்குவதற்கும் ஆள் உண்டு. ஒரு பேட்டையின் முகங்கள் உருகிச் சில கிராம் வெள்ளியாவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டல் வடிவில் பாதுகாக்கும் வேலையைச் செய்தது. பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், தன் பெயரிலேயே புகைப்படத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. திறப்பு விழாக் கண்காட்சிகளில் ஒன்று, மறைந்துவரும் கிராமியக் கலைகளைப் பல பத்தாண்டுகளாக ஃபிலிமில் பதிவுசெய்த ஜோதி பட்டின் படங்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஸ்ரீராமபுரத்துத் தெருமுனை ஸ்டுடியோவின் மரப்பெட்டி அருங்காட்சியகத்தின் வாசல்வரை வந்து சேருமா என்பது சந்தேகம்.

ஃபிலிமின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளையும் தள்ளிவிட முடியாது. இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பது முதல் குற்றச்சாட்டு. மறுப்பது கடினம். ஒரு காலத்தில் ஆக்ஃபா கிளிக், ஹாட் ஷாட், கோடக் கே.பி.10 என்று நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டிய பொருள் ஃபிலிம். இந்தியாவே அதைத் தயாரித்தது. தூசி குறைந்த குளிர்ந்த காற்றுக்காக உதகமண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, 1960-இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் நிறுவப்பட்டது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிமும், அச்சுக் காகிதமும் நாடெங்கும் போயின. 1990களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, நீண்ட இழுபறிக்குப் பின் மூடப்பட்டது. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய இந்து நகர் மட்டும் ஊட்டியில் இருக்கிறது. அந்த ஆலை மூடிய பிறகு, இந்தியாவில் ஒருவர் கேமராவில் போடும் சுருள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் போன்ற வெளிநாடுகளிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. டாலர் ஏறினால் கிளிக்கின் விலையும் ஏறும்.

இதற்கு இளைஞர்கள் கண்ட வழி பழைய வழிதான். 100 அடி நீளச் சுருளாக மொத்தமாக வாங்கி, இருட்டில் வெட்டி, பழைய டப்பாக்களில் தாங்களே சுற்றிக்கொள்கிறார்கள். ஒரு பெரிய சுருளிலிருந்து சுமார் 18 சிறிய சுருள்கள் கிடைக்கும். சினிமாவுக்கான ஃபிலிமையும் இப்படிச் சுற்றிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. டெவலப்பரைப் பங்கு போட்டுக் கலக்குகிறார்கள். அந்தக் காலத்துக் கல்லூரி மாணவர்கள் செய்த அதே சிக்கனம்.

இரண்டாவது குற்றச்சாட்டு ரசாயனம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை அப்படியே சாக்கடையில் ஊற்றினால் நீர்நிலைகளின் உயிர்களுக்குக் கேடு. நுரை பொங்கும் பெல்லந்தூர் ஏரியைக் கண்டு வெட்கப்பட்ட ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. குளியலறையை இருட்டறை ஆக்கியவர்கள், வெள்ளியைப் பிரித்தெடுக்கும் லேபுகளிடம் பழைய ஹைப்போவைச் சேர்ப்பதுதான் முறை. ஜெலட்டினே மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது என்பதைச் சைவ உணவுக்காரப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் கேட்காமலிருப்பதே வழக்கம்.

ஃபிலிம் செத்துவிட்டது என்ற தீர்ப்பைக் கொடுத்தவர்களும் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். 1975-இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் கோடக் நிறுவனத்தின் இன்ஜினியர் ஸ்டீவன் சாஸன். ஒரு படத்தைக் கேசட்டில் பதிவுசெய்ய அதற்கு 23 வினாடி பிடித்தது. சொந்த வீட்டில் பிறந்த அந்தக் குழந்தையே பிற்பாடு கோடக்கின் ஃபிலிம் வியாபாரத்தை விழுங்கியது. 74 ஆண்டுகள் ஓடிய கோடாக்ரோம் 2009-இல் நிறுத்தப்பட்டது. கடைசியாகத் தயாரான சுருளை ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். அந்த 36 படங்களில் கணிசமானவற்றை அவர் எடுக்க வந்த இடம் இந்தியா. மும்பை நடிகர்களும் ராஜஸ்தானின் ரபாரி மக்களும் அந்தச் சுருளில் இடம்பெற்றார்கள். 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. ஆனால் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் 2018-இல் திரும்பி வந்தது. ஜப்பானின் ஃபூஜி, நிறுத்திய அக்ரோஸை 2019-இல் புதிய வடிவில் கொண்டுவந்தது. லைக்கா தன் பழைய எம்6 கேமராவை 2022-இல் மறுபடி தயாரித்தது. 2023-இல் வெளியான ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காகவே கோடக் 65 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தயாரித்துக் கொடுத்தது. 2024-இல் பென்டாக்ஸ், ஒரு சுருளில் 72 படம் எடுக்கும் புத்தம்புதிய ஃபிலிம் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹாலிவுட்டின் பிடிவாதமும் இளைஞர்களின் ஆசையும் சேர்ந்து ஆலைகளை ஓட வைத்திருக்கின்றன.

இந்த ஆசை எத்தனை நாளைக்கு என்று கேட்கலாம். ஃபேஷன் போனால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்பதில் சந்தேகமில்லை. மீதிப் பேர் நிற்பார்கள். எண்ணி எடுப்பதன் ருசி கண்டவர்கள் அவர்கள். ஒரு முகத்தைப் பார்க்க ஒரு நிமிடம் செலவழிக்கப் பழகியவர்கள், கையில் எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கேமரா வாங்காதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பரண் மேல், பிஸ்கட் டப்பாவில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடக்கும் நெகடிவ்களைத் தேடி எடுப்பது. கறுப்பு வெள்ளை நெகடிவில் இருப்பது வெள்ளி. ஈரம் படாமல் வைத்தால் நூறு ஆண்டு தாங்கும். கலர் நெகடிவில் கடைசியில் மிஞ்சுவது சாயம் மட்டுமே. 70களிலும் 80களிலும் எடுத்தவை ஏற்கனவே மங்கத் தொடங்கியிருக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். மற்றவற்றைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு, சூடும் ஈரமும் இல்லாத அலமாரியில் வைத்து, உறையின் மேல் பெயரும் ஊரும் வருஷமும் எழுதி வைத்தால் போதும். படத்தில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். வெள்ளி நூறு ஆண்டு காத்திருக்கும். பெயர் தெரிந்த பெரியவர்கள் அத்தனை நாள் இருக்க மாட்டார்கள்.